முகேஷ் வேண்டாம் என்ற தொட்டில்கள்

பொன்செல்விக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது வீட்டில் தொட்டில் பேச்சு தொடங்கியது. ஒன்பதாம் மாதம் வந்தபோது, அந்தப் பேச்சை யாராவது எடுத்தாலே அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

இதில் பெரிய கொடுமை, அவள் கணவன் முகேஷுக்குத் தொழிலே அதுதான். ஆன்லைனில் மரச்சாமான் விற்கும் ஒரு கம்பெனிக்கு அவன் ஃபிட்டர். யார் எதை வாங்கினாலும் அது அட்டைப்பெட்டிக்குள் பலகையும் ஸ்க்ரூவுமாகத்தான் வீட்டுக்குப் போய்ச் சேரும். பின்னாலேயே முகேஷ் டிரில் மெஷினை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போய்ப் பூட்டிக் கொடுப்பான். முலுண்ட், பாண்டுப், காட்கோபர் என்று நாளைக்கு ஐந்து வீடு. இரண்டு வருடங்களாகக் குழந்தைத் தொட்டில்கள்தான் அதிகம் வந்தன. பெரியவர்களின் கட்டிலை ஒட்டி நிற்கிற தொட்டில். ஒரு பக்கத் தடுப்பை இறக்கிவிட்டால் தாய் படுத்தபடியே கையை நீட்டிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். அப்படி இருநூறு தொட்டிலாவது பூட்டியிருப்பேன் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

ஆகவே அவள் முதல் தடவை கேட்டபோது அவன் சொன்ன பதில் நியாயமாகவே பட்டது.

"தொட்டில எங்கிட்ட விட்ரு செல்வி. நீ டென்ஷன் எடுக்காத."

அவளும் விட்டுவிட்டாள். இரண்டு வாரம் கழிந்தும் ஒன்றும் நடக்காததால், தானே தேட ஆரம்பித்தாள். செம்பூரில் ஒரு கண் மருத்துவரின் கிளினிக்கில் அவளுக்கு ரிசப்ஷன் வேலை. மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போகும் நேரத்தில் போனில் தொட்டில்களைப் பார்ப்பாள். பிடித்ததின் லிங்கை முகேஷுக்கு அனுப்புவாள். சாயங்காலம் அவன் வந்ததும் தீர்ப்பு கிடைக்கும்.

"இது வேண்டாம். ரெண்டாவது தடவ ஸ்க்ரூவ டைட் பண்ணும்போதே மரை தேஞ்சிரும்."

"இதுல பக்கத் தடுப்பு வலை ஒரே மாசத்துல தொங்கிரும்."

"இதுக்கு வீல் லாக் பேருக்குத்தான் இருக்கு."

"இது நம்ம கட்டிலுக்குச் சேராது. காலு உள்ள போவாது."

கடைசியாகச் சொன்னது உண்மைதான். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளடங்கிய ஒரு கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் அவர்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது பெட்டிக் கட்டில். கம்பளி, சூட்கேஸ், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பாத்திரம் எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான். தரைவரைக்கும் பலகை அடைத்திருப்பதால் அடியில் ஒரு செருப்பைக்கூடத் தள்ள முடியாது. ஆனால் பெரும்பாலான தொட்டில்களுக்குக் கால் நீண்டு கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். கால் மடங்குகிற மாதிரி ஏதாவது இருக்கும், தேடு என்றான். தேடினாள். கால் மடங்கியதற்கும் பெயிண்ட் வாசனை, அது இது என்று ஒரு குற்றம் வைத்திருந்தான். இருபத்தொரு லிங்க் அனுப்பினாள். இருபத்தொன்றும் கழிந்தது.

மாமியார் சண்முகவடிவு சமையலறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அவன் அப்பாவும் இப்படித்தாம்ளா. குக்கர் வாங்கப் போறேன்னு போனாரு. ஒரு வருசம் கடைகடையாப் பாத்தாரு. அதுக்குள்ள நான் பானையிலயே பொங்கி ஒரு பிள்ளைய வளத்துட்டேன்."

"எந்தப் பிள்ளைய, அத்த?"

"இந்தா நிக்கானே, இவனத்தான்."

கிளினிக்குக்குப் பக்கத்திலேயே குழந்தைச் சாமான் கடை ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். கண்ணால் பார்த்தால் ஒன்றாவது பிடிக்கும் என்று நினைத்தாள். முகேஷ் உள்ளே நுழைந்ததும் பையிலிருந்து வளைந்த சின்னச் சாவி ஒன்றை எடுத்து, காட்சிக்கு வைத்திருந்த தொட்டிலின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். பிறகு குனிந்து தொட்டிலை உலுக்கினான். பக்கத்தில் காட்சிக்குப் போட்டிருந்த கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே முஷ்டியை விட்டு அகட்டிப் பார்த்தான். ஆறு தொட்டிலுக்கும் இதேதான். பொன்செல்வி கால் வீக்கத்தோடு, தாய்மார் உட்கார்ந்து பால் கொடுக்கும் விலை உயர்ந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விற்பனைப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "சார், ஆப் கிஸி கம்பெனி சே ஆயே ஹோ க்யா?" என்று கேட்டாள்.

"நஹி. கஸ்டமர் ஹூம்," என்றான் முகேஷ், நாலாவது தொட்டிலுக்கு அடியிலிருந்து.

மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கூச்சம் தாங்காமல் பொன்செல்வி இரண்டு துவாலையும் ஒரு ஜோடிக் காலுறையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கம்பெனி ஆளான்னு கேட்டா ஆமான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சிருக்கும்," என்றாள் ஆட்டோவில். முகேஷ் துவாலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அடுத்தது அக்காவின் முறை. பொன்செல்வியின் அக்கா பிரேமலதா கோபர்கைரனேயில் இருக்கிறாள். அவளுடைய ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி ஐந்து மாதம் மட்டுமே உபயோகித்த தொட்டிலைச் சும்மாவே கொடுத்தாள். கால் மடங்குகிற தொட்டில். தங்கைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பிரேமலதா அதை டாக்சியில் போட்டு எடுத்து வந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. டிரைவருக்குத் தனியாகக் கொடுத்து, தானும் ஒரு முனையைப் பிடித்து ஐந்து மாடி ஏற்றினாள். அன்று சாயங்காலம் முகேஷ் வந்து அதைத் தரையில் பரப்பித் துண்டு துண்டாகக் கழற்றினான். ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"இது ஒரிஜினல் இல்ல. யாரோ மாத்திருக்காங்க."

"மாத்துனா என்ன தம்பி, அதான் பிடிச்சிட்டு நிக்கே," என்றாள் பிரேமலதா.

"இன்னைக்கு நிக்கும்."

தொட்டில் மறுபடியும் ஐந்து மாடி இறங்கியது. பிரேமலதா அதன்பின் நாலு நாள் தங்கையின் போனை எடுக்கவில்லை.

பொன்செல்வி அன்றைக்கு உண்மையிலேயே பயந்தாள். கஞ்சத்தனம் என்றால் ஓசித் தொட்டிலை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? அவள் மனதில் வேறொன்று ஓடியது. ஓடியதை அப்படியே கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு இந்தப் பிள்ள வேணுமா, வேண்டாமா?"

முகேஷ் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து போய், அம்மா கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தான்.

பிள்ளை யாருடைய முடிவுக்கும் காத்திருக்கவில்லை. மூன்று வாரம் முன்னதாக, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிளினிக்கில் ஒரு கிழவருக்கு டோக்கன் எழுதிக்கொண்டிருந்தபோது பொன்செல்விக்குப் பனிக்குடம் உடைந்தது. மாட்டுங்காவில் ஏற்கெனவே பெயர் பதிந்திருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோ நானூறு கிராம்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா தையலைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஆறு வாரம் குனியக் கூடாது, தரையில் படுத்து எழுந்திருக்கக் கூடாது என்றாள். பிள்ளை சின்னதாக இருப்பதால் இரண்டு பேருக்கு நடுவில் போட்டுத் தூங்கவே கூடாது, பக்கத்தில் தனியாகப் படுக்க வைக்க வேண்டும் என்றாள். சொல்லும்போது முகேஷையும் ஒரு பார்வை பார்த்தாள். அவன் தூக்கத்தில் கையைக் காலை வீசுகிறவன் என்று அவளுக்கு யாரோ சொன்னமாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அவள் போனதும் பொன்செல்வி சொன்னாள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வீட்டுல தொட்டில் இருக்கணும். எந்தத் தொட்டில்னாலும் சரி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

முகேஷ் தலையாட்டிவிட்டுப் போனான். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் திரும்பி வந்தான். கையில் ஒரு இளநீரும் நாலு ஆரஞ்சும் இருந்தன.

"எங்க?"

"நாலு கடை பாத்தேன் செல்வி."

வார்டில் இன்னும் ஏழு பெண்கள் இருந்தார்கள். ஆகவே அவள் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எளனி யாரு கேட்டா? நான் எளனி கேட்டனா? நாளைக்கு இந்தப் பிள்ளைய எங்க கெடத்தச் சொல்லுதீங்க? அலமாரி மேலயா? ஊருக்கெல்லாம் தொட்டில் பூட்டுத ஆளு வீட்டுல தொட்டில் இல்லன்னா சிரிக்க மாட்டாங்க? என்னன்னு சொல்லுங்க. இன்னைக்குச் சொல்லாம நீங்க இங்கருந்து போவக்கூடாது."

முகேஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிள்ளை ஆஸ்பத்திரியின் இரும்புத் தொட்டிலில் துணிச்சுருளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான்.

பிப்ரவரியில் முலுண்டில் ஒரு வீடு. அன்றைக்கு ஐந்தாவது வேலை. ஒரு மாதக் குழந்தை. தொட்டிலைப் பூட்டி முடித்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. அந்தத் தொட்டிலோடு ஒரு நீள பெல்ட் வரும். மெத்தைக்கு அடியில் கொடுத்து, கட்டிலின் அந்தப் பக்கம் வரை கொண்டுபோய் மாட்டி இறுக்க வேண்டும். அப்போதுதான் தொட்டில் கட்டிலை விட்டு விலகாது. மாட்ட வேண்டுமானால் மெத்தையைத் தூக்க வேண்டும். மெத்தைமேல் மடிக்காத துணி மலைபோலக் கிடந்தது. அதை எடுக்கச் சொல்ல அவனுக்கு அலுப்பாக இருந்தது. பெல்ட்டை அதன் கவரோடு ஜன்னலோரம் வைத்து, இது எக்ஸ்ட்ரா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

"ஏப்ரல்ல கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு. போனேன். தொட்டிலு நாலு விரல் வெலகி இருந்துச்சு. பிள்ள காலு மொதல்ல அந்தச் சந்துல எறங்கி, கக்கம் வரைக்கும் போயித் தொங்கிருக்கு. அந்தம்மா சத்தம் கேட்டு முழிச்சி எடுத்துட்டாங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல."

பொன்செல்வி கையை நீட்டி இரும்புத் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போவும்போது அவங்க வீட்டுக்காரரு அவங்கள ஏசிட்டு இருந்தாரு. பெருக்கும்போது நீதான் தள்ளிருப்ப, பிள்ளையக் கொல்லப் பாத்தியேன்னு. அவங்க அழுதுட்டே, ஆமா நாந்தான் தள்ளிருப்பேன்னு சொல்லுதாங்க. அவரு என்னப் பாத்து, பாய், நீயே சொல்லு, இது நகந்தா யாரு பொறுப்புன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெல்ட்ட மாட்டுனேன். இனிமே நகராதுன்னு சொன்னேன். அந்தம்மா மொகத்தக் கழுவிட்டு வந்து டீ போட்டுக் குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

இளநீரை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது பொன்செல்விக்கு. இன்னொரு பக்கம், ஸ்டூலில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கவும் முடியவில்லை. ஆனால் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் மேலே நின்றது. ஐந்து மாதமாக இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஸ்க்ரூ, மரை, வலை, வாசனை என்று தன்னை அலைக்கழித்திருக்கிறான். அக்காவை ஐந்து மாடி ஏற்றி இறக்கியிருக்கிறான். தையல் சுரீரென்று இழுத்தது. அவள் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கிளினிக்கில் நோயாளியிடம் விவரம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அந்தத் தொட்டிலு என்ன மாடலு?"

"சாம்பல் கலரு. காலு மடங்கும்."

"ஸ்க்ரூ?"

"நல்லாருக்கும்."

"வலை?"

"தொங்காது."

"பெயிண்டு வாசன?"

"கெடையாது."

"நம்ம கட்டிலுக்குச் சேருமா?"

"சேரும். ஹைட்டு ஆறு ஸ்டெப் இருக்கு."

"நான் அனுப்புன இருபத்தொண்ணுல அதுவும் இருந்துச்சா?"

முகேஷ் கொஞ்சம் தயங்கினான். "ஒம்பதாவது."

"அதுக்கு என்ன சொன்னீங்க?"

"கலர் நல்லாயில்லன்னு சொன்னேன்."

பொன்செல்வி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு போனை எடுத்து ஒன்பதாவது லிங்கைத் தேடி, மறுநாள் டெலிவரி என்பதை அழுத்தினாள்.

"அதேவா?" என்றான் முகேஷ்.

"அதேதான். அதுல என்ன கொறைன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். வேற தொட்டில் எடுத்தா அதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு வேற ஃபிட்டர் வருவாரு. நீங்க அதுல கை வைக்கப்படாது. வச்சீங்கன்னா தீவாளி வரைக்கும் கழட்டிக் கழட்டிப் பூட்டுவீங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அந்தம்மாவுக்கு அதுக்கப்புறம் போன் பண்ணுனீங்களா?"

"என்னன்னு பண்ண?"

அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து நின்றாள்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு வீடு வந்தார்கள். அன்று லிஃப்ட் ஓடியது. ஆனால் இவர்களை இறக்கிவிட்டபின் மறுபடி நின்றுவிட்டது. இரண்டரை மணிக்குத் தோளில் அட்டைப்பெட்டியோடு கதவில் வந்து நின்ற ஃபிட்டருக்குச் சட்டை முழுக்க வியர்வை. பெயர் கரீம் பாட்சா. மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது தாராவி. முகேஷுக்குத் தெரிந்தவர்தான்.

"முகேஷ் பாய், இது ஒங்க வீடா? ஒங்க வீட்டுக்குப் பூட்ட நானா வரணும்?"

"வீட்டுல ஆர்டர் அப்படி, கரீம் பாய்," என்றான் முகேஷ்.

பொன்செல்வி கட்டிலின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சமையலறையில் சண்முகவடிவின் மடியில் இருந்தது. முகேஷ் கைகளைக் கட்டிக்கொண்டு அலமாரியோடு ஒட்டி நின்றான். கரீம் பாட்சா வேகக்காரர். பேசிக்கொண்டே பலகைகளைச் சேர்த்தார், காலை மடக்கினார், உயரத்தை மெத்தைக்குச் சரியாக வைத்தார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சாம்பல் தொட்டில் கட்டிலோரம் நின்றது. பார்க்க லட்சணமாகவே இருந்தது. கலருக்கும் ஒரு குறையும் இல்லை.

கரீம் பாட்சா போனில் அதைப் படம் எடுத்தார். "தங்கச்சி, ஓடிபி வந்துருக்கும், சொல்லுங்க. செம்பூர்ல இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

ஓடிபி சொன்னால்தான் அவர் வேலை முடிந்ததாகக் கணக்கு. பொன்செல்வி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பெல்ட்டு எங்கண்ணே?"

"எந்த பெல்ட்டு?" அவர் அட்டைப்பெட்டிக்குள் பார்த்தார். வெள்ளைக் கவர் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. "ஓ, இதுவா. இது எக்ஸ்ட்ரா."

பொன்செல்வி முகேஷைப் பார்த்தாள். அவன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"எக்ஸ்ட்ரா இல்ல பாய்," என்றான். "மெத்தையத் தூக்கணும்."

பொன்செல்வியை மெதுவாகப் பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இருவருமாக மெத்தையைத் தூக்கி நிறுத்தினார்கள். அதற்கு அடியில் மூன்று வருடத்துத் தினசரித்தாளும், சுருக்கம் போகச் சண்முகவடிவு போட்டு வைத்த சேலைகள் ஐந்தும், எட்டுக் கல்யாணப் பத்திரிகையும், போன தீபாவளியிலிருந்து வீடு முழுக்கத் தேடிய ரேஷன் கார்டும் இருந்தன.

"ரேஷன் கார்டு இங்கதான் இருக்கா!" என்றாள் பொன்செல்வி.

"பத்திரமா வச்சேன். எங்க வச்சேன்னுதான் மறந்துட்டு," என்றது சமையலறை.

முகேஷ் பெல்ட்டைக் குறுக்கே விட்டு, அந்தப் பக்கக் கட்டையில் மாட்டி, இந்தப் பக்கம் இழுத்தான். தொட்டில் அரை அங்குலம் நகர்ந்து வந்து கட்டிலோடு ஒட்டியது. கரீம் பாட்சா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா பாய், நான் இத ஒரு வீட்டுலயும் மாட்டுனதில்ல. நேரம் எங்க இருக்கு?"

"நானும் மாட்டாமத்தான் வந்தேன்," என்றான் முகேஷ். மெத்தையை இறக்கிவிட்டு, அவரிடம் முலுண்ட் வீட்டைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னவன், இப்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். டீ குடித்ததையும் விடவில்லை.

கரீம் பாட்சா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்துக் காலையில் போன அணுசக்தி நகர் வீட்டுக்கு அடித்தார். "மேடம், வோ சஃபேத் கவர் ஃபேங்கா தோ நஹி நா? நஹி நஹி, டென்ஷன் கி பாத் நஹி, மே ஷாம் கோ ஃபிர் ஆத்தா ஹூம்." வெள்ளைக் கவரை எறிந்துவிடவில்லையே, சாயங்காலம் மறுபடி வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த நம்பரைத் தேடினார். நேற்றைய வீடு. அப்புறம் முந்தாநாள் வீடு. ஒரு வீட்டில் குப்பையில் போட்டுவிட்டார்களாம். எப்போது போட்டீர்கள், எந்தக் குப்பை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் பிள்ளை அழ ஆரம்பித்தது. பாலுக்கான அழுகை. இருக்கிற ஒரே அறையின் நடுவில் இரண்டு ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பொன்செல்வி ஐந்து நிமிடம் பொறுத்தாள். கரீம் பாட்சா பத்தாவது நம்பரைத் தேடினார்.

"அண்ணே, நீங்க செய்யது நல்ல காரியம், நான் தப்பு சொல்லல. ஆனா பிள்ளைக்குப் பால் குடுக்கணும். ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போங்க. இந்தாங்க ஓடிபி, நாலு ஏழு ஏழு ஒண்ணு."

இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள். சண்முகவடிவு பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகக் கரீம் பாட்சாவின் குரல் கேட்டது. அவர் விடைபெற்றுப் படியிறங்குவதும் கேட்டது. பிறகு சத்தமில்லை. போய்விட்டானோ என்று பொன்செல்வி நினைத்தபோது முகேஷின் குரல் வந்தது. இந்தியில், தாழ்ந்த குரலில் பேசினான். முகேஷ், ஃபிட்டர், தொட்டில் என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. அப்புறம் நீண்ட நேரம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நடுநடுவே 'ஜீ' என்றான்.

பிள்ளை குடித்து முடித்து உறங்கியபின் உள்ளே வந்தான்.

"நீங்க தள்ளல, நாந்தான் பெல்ட்டு மாட்டாம வந்தேன்னு சொன்னேன். அந்தம்மா இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க. அப்புறம், இத எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுவியான்னு கேட்டாங்க. அவரு வீட்டுலதான் இருந்தாரு. போனக் குடுத்தாங்க."

"என்ன சொன்னாரு?"

"நெறையச் சொன்னாரு."

"அந்தம்மா?"

"கடைசில போன வாங்கி, பாப்பா இப்ப சுவரப் பிடிச்சிட்டு நிக்கின்னு சொன்னாங்க. அவ்வளவுதான். வச்சிட்டாங்க."

பொன்செல்வி உறங்குகிற பிள்ளையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கித் தொட்டிலில் கிடத்தினான். கிடத்துவதற்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. முலுண்ட்காரர் எழுதிப் போட்டிருந்தார். முகேஷின் ஐடியைப் பத்து நாள் ப்ளாக் செய்திருந்தார்கள். பத்து நாளைக்கு ஒரு வேலையும் வராது. பொன்செல்வி செய்தியை இரண்டு தடவை படித்தாள். கோபித்துக்கொள்ள யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. அந்த மனிதர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

ஆக, பத்து நாள் முகேஷ் வீட்டில் இருந்தான். ஒற்றை அறையில் அது எளிதான காரியமில்லை. முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை பெல்ட்டை இழுத்துப் பார்த்து, இரண்டு தடவை பிள்ளையை எழுப்பிவிட்டான். மூன்றாம் நாள் பொன்செல்வி அவனைத் துணி துவைக்க அனுப்பினாள். நாலாம் நாள் சண்முகவடிவு அவனுக்கு நாப்பி மாற்றக் கற்றுக்கொடுத்தாள். ஒரு வாரத்தில் அவன் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டான். வெந்நீரில் மட்டும் முழங்கையை நாலு தடவை விட்டுப் பார்ப்பான். தண்ணீர் ஆறியே போய்விடும்.

பொன்செல்வி படுத்தபடியே கையை நீட்டிப் பிள்ளையை இழுத்துக்கொண்டாள். தையல் வலி குறைந்துகொண்டு வந்தது. பகலில் பிள்ளை உறங்கும்போது, சில நேரம் அவளும் ஒரு கையைத் தொட்டிலில் போட்டபடி உறங்கினாள்.

பதினோராம் நாள் ஐடி திறந்தது. முகேஷ் காலையில் போனவன் சாயங்காலம் ஏழரை மணிக்கு வந்தான். டிரில் பையை இறக்கி வைத்தான்.

"எத்தன வீடு?"

"மூணுதான்."

"மூணா? ஏன்?"

"மெத்தையத் தூக்குங்கன்னு சொன்னா எல்லாரும் யோசிக்காங்க. காட்கோபர்ல ஒரு பெரியவரு மெத்தையில உக்காந்து டிவி பாக்காரு. எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு. மேட்ச் முடியுத வரைக்கும் நின்னேன்."

"முலுண்ட்ல நடந்தத அவருகிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன். ரெண்டு ஓவர் இருக்கு, பொறுன்னாரு."

பொன்செல்வி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று வீட்டுக் கூலியில் இந்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. பிள்ளை தோளில் நெளிந்து சிணுங்கியது.

"சரி, போயிக் கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். "வந்து இவளப் பிடிங்க. எனக்கு மத்தியானத்துலருந்து பசிக்கி. நான் மொதல்ல சாப்பிடுதேன்."